போன் போட்ட முழுக்கு

நனைந்த போனைக் கொண்டுவருகிறவர்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி மெதுவாகத்தான் பேசுவார்கள். காந்திபுரத்தில் எங்கள் போன் பழுதுபார்க்கும் கடையில் மருமகள் தேவி உள்ளே திறந்து பார்ப்பாள். முன்னால் உட்கார்ந்து 'என்ன ஆச்சுங்க?' என்று கேட்பது என் வேலை. 'தண்ணீர் தாங்கும்' என்ற விளம்பரத்தை நம்பி நனைந்த நண்பர்களே, நாம் தனியாக இல்லை.

மச்சான் கண்

உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவர் புதுப் போனைத் தொட்டித் தண்ணீரில் போட்டு எடுத்து மச்சானிடம் காட்டியிருக்கிறார். போன் பிழைத்துக்கொண்டது. அதோடு விட்டாரா? தோப்புக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டினார். ஒருநாள் திரை இருண்டுவிட்டது. நீர் புகாமல் மூடியிருக்கும் பசை நாளாக ஆக விட்டுப்போகும் என்று தேவி விளக்கினாள். தலையாட்டிக் கேட்டவர் என் பக்கம் குனிந்தார்.

"அதெல்லாம் இல்லீங்கம்மா. எங்க மச்சான் கண்ணு பட்டுப்போச்சுங்க."

வெந்நீர்க் குளியல்

வால்பாறை ஆசிரியை ஒருவர் போனைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவியிருந்தார். கண்ணாடிக்குள் மலைப்பனி இறங்கியதுபோல ஆவி; பார்க்க அழகாகத்தான் இருந்தது. கம்பெனியில் சோதித்துப் பார்ப்பதெல்லாம் சூடில்லாத நல்ல தண்ணீரில்தான், அதுவும் கொஞ்ச நேரம்தான் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தக் குளுருல நானே பச்சத்தண்ணியில குளிக்க மாட்டேனுங்க. போனை மட்டும் எப்படிங்க குளிக்க வெக்கிறது?"

கனடாவிலிருந்து காவிரிக்கு

ஆடிப்பெருக்கன்று கொடுமுடியிலிருந்து ஓர் அம்மாள் நேராகக் கடைக்கு வந்தார். சேலை ஓரம் இன்னும் ஈரம். ஆற்றில் குளித்துக் கரையேறியவர், கனடாவில் இருக்கும் மகளை வீடியோவில் அழைத்திருக்கிறார். அவளுக்கும் புண்ணியம் சேரட்டுமே என்று போனைக் காவிரியில் ஒரு முக்கு.

"சொன்னா வேண்டாம்னுடுவா. சொல்லாமயே முக்கிப்போட்டேனுங்க."

போன் அணைந்துவிட்டது. மகள் கடைசியாகப் பார்த்தது தண்ணீரை. அம்மாவை ஆறு கொண்டுபோய்விட்டது என்றல்லவா நினைத்திருப்பாள்? மகளின் எண்ணோ இவருக்கு மனப்பாடம் இல்லை.

தேவி திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஓடுகிற ஆற்றுத் தண்ணீர் எல்லா இடுக்கிலும் நுழைந்திருந்தது. சிம்மை மட்டும் துடைத்து என் போனில் போட்டாள். மகளே கூப்பிடுவாள் என்று மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா! தண்ணிக்குள்ள போயிட்டீங்களேம்மா! யாரு காப்பாத்துனாங்க?" மகள் அழுதாள்.

அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த கணமே குரலில் பழைய அதிகாரம் வந்துவிட்டது.

"நான் கரையிலதான் இருந்தேன் கண்ணு. உன்னையத்தான் முக்குனேன். தலையத் துவட்டுனியா?"

தவறி விழுந்தால் இந்தப் போன்கள் கொஞ்ச நேரம் தாங்கும்தான். பிரியமாக முக்கினால்தான் தாங்குவதில்லை.