கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர்

இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளரின் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவைப் பார்த்தவர் சுபாஜினி. கொஸ்லந்தையில் பிறந்தவர், பதினாறு வயதில் கொழுந்துக் கூடை தூக்கியவர், 1994இல்தான் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்கு மாறினார். தோட்டப் பள்ளி ஆசிரியர் சிவராசாவின் குவார்ட்டர்ஸில் நடந்த ‘துறைமுகம்’ ஆட்டத்துக்கு ஆள் குறைந்தபோது அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் கடைக்கார ஜௌபர்.

பலகையில் மூன்று நாடுகள், நடுவே ஒரு துறைமுகம். கடைசிச் சுற்றில் அதைப் பிடித்திருப்பவருக்கே வெற்றி. தாயக்கட்டை கிடையாது. முற்றத்துக்குப் போய்ப் பேரம் பேசி வருவார்கள். சிவராசாவின் மனைவி சரோஜாதேவி எவர்சில்வர் டம்ளர்களில் தேநீர் ஊற்றியதும், தம் படை போகுமிடத்தை ஆளுக்கொரு சீட்டில் எழுத வேண்டும். டம்ளரில் தேநீர் இருக்கும்வரைதான் கொடுத்த வாக்கு செல்லும். சீட்டைக் கொடுக்குமுன் குடித்து முடித்தவர் காலை வாரலாம். சிவராசா வேகவேகமாக ஆற்றிக் குடித்து வாருவதில் கைதேர்ந்தவர். சுபாஜினியோ குவார்ட்டர்ஸ் மரியாதைக்காக மெல்ல உறிஞ்சுவார். வாக்கைக் காப்பாற்றித் தோற்பார்.

ஆண்டிறுதியில் வென்றவர் வீட்டில்தான் மறு ஆண்டு முழுதும் பலகை இருக்கும். யார் ஆடலாம் என்பதும் அவர் சொல். தொழிலாளர் லயத்தில் தன் பக்கத்துக் காம்பரா இராக்கம்மாவைக் கூட்டி வரவா என்று சுபாஜினி ஒருமுறை கேட்டிருந்தார்.

“நீர் வெண்டு, அவவை உம்மட வீட்டில இருத்திப் பாரும்,” என்று சிவராசா சிரித்தார். அந்தச் சிரிப்பு சுபாஜினிக்கு மறக்கவில்லை.

1998 ஆண்டிறுதி, கடைசிச் சுற்று. துறைமுகம் சிவராசாவிடம், வடக்கே ஜௌபரின் கப்பல்கள்.

“தெற்கு வாசலுக்கு நீர் வரக்கூடாது. உம்மட மலைக்கு நான் வரமாட்டன்,” என்றார் சிவராசா.

“வரமாட்டேங்க மாஸ்டர்.”

ஜௌபருக்குப் பொறுக்கவில்லை. “போன வருசமும் இதத்தானே சொன்னாரு! எத்தின தரம் பட்டாலும் புத்தி வராதா புள்ள?”

தேநீர் வந்தது. சுபாஜினி வழக்கம்போல முந்தானையால் டம்ளரைப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, சிவராசா நிம்மதியாகக் குனிந்து எழுதினார். அந்த நேரத்தில் சுபாஜினி அண்ணாந்து, டம்ளர்த் தேநீரை ஒரே மூச்சில் இறக்கினார். கண்ணில் நீர் முட்டியது. சத்தமில்லாமல் தன் சீட்டை எழுதி நீட்டினார்.

சரோஜாதேவி சீட்டுகளைப் படித்தார். சிவராசாவின் படை முழுவதும் வடக்கே, ஜௌபர் மேல். சுபாஜினியின் படை, தெற்கு வாசல் வழியாகத் துறைமுகத்துக்குள்.

“வாக்குக் குடுத்தனீரெல்லே!” சிவராசா எழும்பிவிட்டார்.

சுபாஜினி டம்ளரைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

“இந்தக் கொதியில எப்பிடிக் குடிச்சனீர்?”

“விடியக்காலம் பெரட்டுக்களத்துல வேலைக்குப் பேரு குடுக்க ஓடுனவ நானு. ஆத்திக் குடிக்க ஏதுங்க மாஸ்டர் நேரம்?”

ஜௌபர் தொடையில் அடித்துச் சிரித்தார். “பேரு குடுத்தாச்சு மாஸ்டர், கூடையத் தூக்குங்க!”

பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு சுபாஜினி லயத்து நடுவே நடந்தார். பெண்கள் வாசலுக்கு வந்து கூவினார்கள். தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் முதல் ஆட்டம். சிவராசா மேடேறி மூச்சுவாங்க வந்தார். இராக்கம்மா வாக்குக் கொடுத்தாள், கொதிக்கக் கொதிக்கக் குடித்தாள், முதல் சுற்றிலேயே சுபாஜினியின் மலைக்கோட்டையைப் பிடித்தாள்.

“அடிப்பாவி!” என்று கத்திய சுபாஜினிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.