மைக்கில் சொன்ன மன்றாட்டு

எழுதக் கற்றுக்கொண்டது எங்கே என்று யாராவது கேட்டால் கோயிலில் என்று சொல்வேன். கேட்டவர் முகம் உடனே பக்தியாகிவிடும். அவசரப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் விசுவாசிகள் மன்றாட்டு என்று ஒன்று வரும். ஒருவர் மைக் முன்னால் நின்று நான்கைந்து வேண்டுதல்களை வாசித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் "இறைவா உம்மை மன்றாடுகிறோம்" என்பார். உடனே கோயிலே சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். அந்த வேண்டுதல்களை ஆண்டவர் எழுதி அனுப்புவதில்லை. யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். மேட்டூரில் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், முப்பது வருஷமாக அந்த யாராவது நான்தான்.

முதலில் எழுதியது பத்தொன்பது வயதில், அதுவரை எழுதிவந்த கோயில் உபதேசியாருக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம். பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்து, திருத்தந்தை, ஆயர்கள், நாட்டுத் தலைவர்கள், நோயாளிகள், இறந்தவர்கள், இந்த வரிசை மாறக் கூடாது என்று சொல்லிப் போர்வைக்குள் போய்விட்டார். நான் வரிசையை மாற்றவில்லை. நோயாளிகளோடு, அவர்கள் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்துவிட்டேன். கோயில் முழுக்கப் பதில் சொன்னது. என் வாக்கியத்துக்கு நானூறு பேர் பதில் சொன்னார்கள்! இன்றுவரை எந்தப் பத்திரிகையும் எனக்கு அப்படி ஒரு வாசகர் கூட்டத்தைத் தரவில்லை.

அந்த மைக்தான் எனக்கு வாத்தியார். வாக்கியம் நீண்டால் பாதிப்பேர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்கள், மீதிப்பேர் இருமுவார்கள். கடைசி பெஞ்சுத் தாத்தாக்களுக்குப் புரியாத வார்த்தை போட்டால் அவர்கள் மேலே சுற்றும் ஃபேனைப் பார்ப்பார்கள். வாக்கியத்தை எங்கே முடிப்பது, எதைச் சொல்லாமல் விடுவது எல்லாம் அங்கே படித்ததுதான். பிறகு கதை எழுத ஆரம்பித்து, அவை அச்சாகி, புத்தகமாகவும் வந்தபோதுகூட ஒவ்வொரு பத்தியையும் சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு, கேட்டருளும் வருகிறதா என்று ஒரு நொடி காத்திருப்பேன். பகலில் அரசு அலுவலகத்தில் பார்வையில் காணும் கடிதம், மேற்படி பொருள் என்று எழுதிவந்தவளை அந்த ஒரு நொடிதான் கரை சேர்த்தது.

இன்னொரு வாத்தியாரும் உண்டு. என் அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவள், அடுத்த தெருவில் வீடு, மாமாவுக்குக் கெமிக்கல் கம்பெனியில் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பாள். அது முடிந்து நாங்கள் இரண்டு குடும்பமும் அவள் வீட்டில் அணை மீன் குழம்பு சாப்பிடுவோம். அவள் மீன் கழுவும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து புதுக் கதையை வாசிப்பேன். "இது நம்ம ஊடு மாதிரியே இருக்குது, மாத்துடி" என்பாள். மாற்றுவேன். அவள் தலையாட்டாத எந்தக் கதையும் தபால் பெட்டியைப் பார்த்ததில்லை. மன்றாட்டுகளை மட்டும் அவளிடம் காட்டியதில்லை. ஜெபத்தை யாராவது திருத்துவார்களா என்ற நினைப்பு. அங்கேதான் சறுக்கினேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பங்குக்குப் புதுச் சாமியார் வந்தார். வாராவாரம் மழையும் உலக சமாதானமும் கேட்டு ஆண்டவருக்கே சலித்திருக்கும், நம் பங்கில் இருக்கும் மனிதர்களுக்காக எழுதுங்கள் என்றார். என்னிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஷிப்ட் மாறாமல் பூசைக்கு வர முடியாதவர்களுக்காக எழுதினேன். வலை காலியாக வந்த மீனவர்களுக்காக எழுதினேன். ஒரு பெரியவர் வாசலில் நிறுத்தி, என்னையவே எழுதின மாதிரி இருந்துச்சுங்கம்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தலையில் கொம்பு முளைத்தது.

அந்த வருஷம்தான் அக்கா மகன் குருமடத்திலிருந்து திரும்பி வந்தான். ஒரு பிள்ளை சாமியார் ஆகப் படிக்கப் போகிறான் என்றால் எங்கள் ஆட்களிடம் அந்தத் தாயின் மதிப்பே வேறு. அவன் குருப்பட்டம் பெறும் முன்பே அவளைச் சாமியார் அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். திருவிழாவில் முதல் வரிசை, ஆயர் வந்தால் மாலை போடும் வரிசை, எல்லாம் தானாக வந்து சேரும். மே மாத விடுமுறைக்கு வந்தவன் ஜூனில் திரும்பிப் போகவில்லை. சாமியார் ஆவதற்கான அழைத்தல் தனக்கு இல்லை என்று அம்மாவிடமும் என்னிடமும் சொல்லிவிட்டான். வெளியே அக்கா சொன்னது வேறு. வயிற்றில் புண், டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை, ஒருவரும் குடைந்து கேட்கவும் இல்லை. தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்ளும் நாகரிகம் எங்கள் பங்குக்கு உண்டு.

எனக்குத்தான் இல்லாமல் போயிற்று. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இப்படி எழுதினேன்: 'அழைத்தல் தமக்கில்லை என்று உணர்ந்து குருமடத்திலிருந்து வீடு திரும்பும் பிள்ளைகளுக்காகவும், அவர்களை ஊர்க் கண்ணிலிருந்து மறைத்துவைத்துத் தனியே அழும் தாய்மார்களுக்காகவும்.' பாசத்தில்தான் எழுதினேன், சத்தியம். பெயர் போடவில்லை. பிள்ளைகள், தாய்மார்கள் என்று பன்மை போட்டிருக்கிறேனே, யாரையும் குறிக்காது என்று என் ஆபீஸ் புத்தி சொன்னது. எங்கள் பங்கில் அப்படித் திரும்பி வந்த பிள்ளைகள் எத்தனை பேர்? ஒருவன். தாய்மார்கள்? ஒருத்தி. சாமியாரும் தாளைப் பார்த்தார். வந்து மூன்று மாதம்கூட ஆகாத மனிதர், யார் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் நானே வாசித்தேன். பிறகு பதில் வந்தது. என் முப்பது வருஷத்தில் அவ்வளவு உருக்கமாக அவர்கள் கேட்டருளும் சொன்னதில்லை. சொல்லிக்கொண்டே எல்லோரும் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார்கள். அங்கே அக்கா வாயைத் திறக்காமல் நேராகப் பீடத்தைப் பார்த்து நின்றிருந்தாள்.

பூசை முடிந்து வாசலில் என் முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "ஆண்டவருகிட்டச் சொல்றதுன்னா ஊட்டுல முட்டி போட்டுச் சொல்லியிருக்கலாமுங்களே. மைக்கு எதுக்குங்க?"

எங்கள் பக்கத்தில் 'ங்க' எல்லோருக்கும் உண்டு. பால்காரருக்கு உண்டு, பஸ் கண்டக்டருக்கு உண்டு. கூடப்பிறந்த தங்கைக்குக் கிடையாது. நான் பிறந்ததிலிருந்து என்னை வாடி போடி என்றே கூப்பிட்டவள். அன்று எங்கள் வீட்டில் தயிர்சாதமும் ஊறுகாயும். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் எனக்காகவும் ஒரு மன்றாட்டு எழுது என்றார்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், தட்டிக்குப் பின்னால் இருந்த சாமியார் முன் மண்டியிட்டேன். அங்கே கேட்டதைச் சாமியார்தான் வெளியே சொல்லக் கூடாது, சொன்னவள் சொல்லலாம். பிறர் மானத்தைக் கெடுத்தேன் என்றேன். கோபமா என்று கேட்டார். இல்லை. பொறாமையா? இல்லை. பின்னே என்ன என்றார்.

"வாக்கியம் நல்லா வந்துருச்சுங்க சாமி" என்றேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தாரா, யோசித்தாரா தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ பாவங்களின் பட்டியலை மனப்பாடம் செய்திருக்கிறேன், இது எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. ஆனால் சொல்லி முடித்தபோதுதான் எனக்கே விளங்கியது. அதை எழுதிய சனிக்கிழமை சாயங்காலம் என் மனதில் அக்கா கொஞ்ச நேரம்தான் இருந்தாள். மீதி நேரமெல்லாம் 'தனியே அழும்' என்ற வார்த்தை இருந்தது. அதைச் சத்தமாக வாசித்து வாசித்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

எழுதச் சொன்னதில் தமக்கும் பங்கு உண்டு என்று சாமியார் ஒப்புக்கொண்டார். அபராதமாக, இந்த வருஷம் முடியும்வரை மழைக்கும் உலக சமாதானத்துக்கும் மட்டும் எழுத வேண்டும், அதோடு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். முதல் அபராதத்தை ஒழுங்காகச் செய்தேன். சொல்லிவைத்த மாதிரி அந்த வருஷம் அணை நிரம்பி உபரி நீர் திறந்துவிட்டார்கள். போதும், இனி நிறுத்தச் சொல்லி ஒன்று எழுதுங்கள் என்று பாடகர் குழு கேலி செய்தது.

இரண்டாவது அபராதம் நடக்கவில்லை. போனேன். வாங்க, உட்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா என்றாள். மன்னித்துவிடு, வாக்கியம் அழகாக வந்துவிட்டதே என்று வாசித்துவிட்டேன் என்றேன். அதெல்லாம் ஒன்றுமில்லைங்க என்றாள். காப்பியில் சர்க்கரைகூட அளவாகத்தான் இருந்தது. நான்கு முறை போனேன், நான்கு முறையும் அதே மரியாதை. பூசையில் சமாதானம் சொல்லிக் கைகூப்பும் நேரம் வந்தால் எனக்கு முதுகைக் காட்டிப் பின்வரிசைக்குத் திரும்பிவிடுவாள்.

என்னை ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பிடித்தவன் அவள் மகன்தான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "சித்தி, ஒவ்வொருத்தர்கிட்டயா எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க ஒரே பூசைல முடிச்சுட்டீங்க. ஆனா நான் இப்படிச் சொன்னேன்னு அம்மாகிட்டச் சொல்லீராதீங்க" என்றான். எனக்கு அழுகையாக வந்தது. இதைப் போய் அவளிடம் சொன்னால் என் பக்கம் கொஞ்சம் நியாயம் சேரும். சொல்லவில்லை. அந்த வருஷம் நான் அடக்கிக்கொண்ட ஒரே வாக்கியம் அது.

கதையும் எழுத வரவில்லை. எழுதி யாரிடம் வாசிப்பது? மாத்துடி என்று சொல்ல ஆளில்லாத கதை எனக்கே ருசிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, பூசைக்கு முன் சாமியார் என்னைக் கூப்பிட்டு மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், கடைசியில் சேர்த்து வாசியுங்கள் என்றார். முகத்தில் சிரிப்பை மறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்துவிட்டதால் பிரித்துப் பார்க்க நேரமில்லை. மழை வாசித்தேன், உலக சமாதானம் வாசித்தேன், பிறகு தாளைப் பிரித்தேன். கரும்பலகையில் எழுதிப் பழகிய, குண்டு குண்டான எழுத்து. மைக் முன்னால் நின்றாயிற்று. வாசித்தேன்.

"வாக்கியம் அழகாக வந்துவிட்டதே என்பதற்காகக் கூடப்பிறந்தவர்கள் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிடும் எழுத்தாளர்களுக்காகவும்..."

எங்கள் பங்கில் எழுத்தாளர்கள் எத்தனை பேர்? கோயிலே என்னைப் பார்த்தது. பாடகர் குழுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடிப்பாவி, பன்மையைக்கூட விடவில்லையே என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன்.

"...அந்தக் கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் நான்கு மாதமாகச் சுமந்து திரியும் அக்காமார்களுக்காகவும்..."

இறைவா உம்மை மன்றாடுகிறோம் என்று நான் முடித்தால்தான் அவர்கள் பதில் சொல்ல முடியும். என்னால் முடிக்க முடியவில்லை. நானூறு பேரும் காத்திருந்தார்கள். தாளில் எழுத்து கலங்கிக்கொண்டே போனது.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக எழுந்தது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அதன் பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

நான் போய், மூன்றாவது பெஞ்சுக்கு முன்வரிசையில் என் இடத்தில் நின்றேன். சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. அக்கா பின்வரிசைக்குத் திரும்பவில்லை. நான் கைகூப்பினேன். அவள் கூப்பவில்லை. முந்தானையை என் பக்கம் நீட்டி, "மூஞ்சியத் தொடை" என்றாள். "கட்லா மீனு வாங்கி வெச்சிருக்குது. பூசை முடிஞ்சதும் வந்து தொலைடி."