கக்கூசுச் சுவரில் ஓர் எழுத்துப்பிழை

போர் முடிந்து பாப்பாமோட்டைக்குத் திரும்பிவந்த முதல் மாதம் அப்பாவின் சண்டையெல்லாம் ஒரே ஒரு சொல்லோடுதான். அரசாங்கக் கந்தோர்ப் பதிவில் எங்களைப் 'புதிய குடியேற்றம்' என்று எழுதியிருந்தார்கள். 'மீள்குடியேற்றம்' என்று இருந்தால்தான் பழைய காணி எங்களுக்கு. காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டலாமென்றால், அது இருந்த பெட்டி நாங்கள் ஓடிய அன்று இலுப்பைக்கடவைப் பக்கம் உழவு மிசினிலிருந்து விழுந்துவிட்டது. ஊர் அதிகாரியான விதானையாரின் வரைபடத்தில் எங்கள் வீட்டு வளவு 'ஆளில்லாக் காடு'. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு, நான் குரங்கோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

அப்போது ஊருக்கு உதவ வந்திருந்த ஒரு தென்னாபிரிக்கப் பெண்ணுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். தமிழ் ஆசிரியையான என் ஆங்கிலம் நொண்டிக்கொண்டுதான் போகும். அவளுடைய தாய்மொழி ஆபிரிக்கான்ஸ். அப்பாவின் காட்டுக் கதையைக் கேட்டதும் தன் மொழியின் சரித்திர நாவல்களைப் பற்றிச் சொன்னாள். அவர்களுடைய பள்ளிப் புத்தகங்களில் முன்னோர் போய் இறங்கியதெல்லாம் வெறும் நிலமாம். நாவல்களிலோ ஒரு குடும்பம் மாட்டுவண்டி கட்டிப் போகுமாம். வழியெல்லாம் வேறு யாருடைய அடுப்போ புகையுமாம். வெறும் நிலத்தில் அடுப்பு மூட்டியது யார் என்று அந்தப் பயணம் கேட்குமாம்.

அப்பா தலையை ஆட்டிக் கேட்டார்.

"அது சரி, அவ்வளவு தூரம் போன சனம் கக்கூசுக்கு எங்க போனது எண்டு கேள் பிள்ளை."

நான் வாய் திறக்குமுன் அவள் குலுங்கிச் சிரித்தாள். கக்கூசு, டச்சுக்காரரான ஒல்லாந்தர் எங்களிடம் விட்டுப்போன சொல். டச்சிலிருந்து பிறந்த அவள் மொழியிலும் அது இருக்கிறது. ஆனால் அங்கே பெரியவர்கள் முன்னால் சொன்னால் வாயில் அடி விழுமாம்.

அப்பா சிரிக்கவில்லை. "எங்கட கக்கூசு நிக்குதல்லோ," என்று எழும்பினார். "காட்டில ஆர் கக்கூசு கட்டுறது?"

மறுநாள் விதானையாரைக் கையோடு கூட்டிவந்தார். அவளும் வந்தாள். பற்றைக்குள் வீடு தரைமட்டம். கக்கூசுக்குக் கதவைத் தவிர ஒரு குறையும் இல்லை.

"வாங்கோ, உள்ளுக்க வாங்கோ," என்று அப்பா கலியாண வீட்டுக்கு அழைப்பதுபோல் அழைத்தார். விதானையார் மூக்கைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருடம் யாரும் போகாத கக்கூசில் என்ன மணக்கப்போகிறது?

"இது உங்கட எண்டு என்னெண்டு நம்புறது ஐயா?" என்றார்.

அப்பா உள்சுவரைக் காட்டினார். கதவுக்குக் கொண்டி போடாத காலத்தில், ஈரச் சீமெந்தில் ஆணியால் அவர் கீறிய அறிவித்தல்: 'தட்டிப்போட்டு வறவும்.' வரவும் அல்ல, வறவும். தமிழ் ஆசிரியையின் தகப்பன்! எனக்கு மானமே போயிற்று.

விதானையார் கோப்பைத் திறந்து அப்பாவின் விண்ணப்பத்தை எடுத்தார். 'ஊருக்குத் திரும்பி வற அனுமதி தறவும்.' அதே வால் நீண்ட ற. சுவரைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார்.

"இந்தப் பிழையை ரெண்டு பேர் விடேலாது," என்றார்.

அந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதித் தருகிறேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றிருந்தேன். என்ர ஊருக்கு நான்தான் எழுதவேணும் என்று அப்பா மறுத்துவிட்டார். நல்லவேளை, என் பேச்சைக் கேட்கவில்லை.

விதானையார் பதிவில் இருந்த 'புதிய' என்பதை வெட்டிவிட்டு மேலே 'மீள்' என்று எழுதினார். அப்பா எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"நாங்கள் வந்தனாங்கள் இல்லை ஐயா," என்றார். "திரும்பி வந்தனாங்கள்."