தவிடு விற்க மறுத்த தவிட்டுக் கடைக்காரர்

மதிப்பிற்குரிய முகநூல் உறவுகள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். எட்டு நாட்கள் பிந்தி இதனை எழுதுவதற்காக முதற்கண் மன்னிப்பைக் கோருகிறேன்.

சாய்ந்தமருது தவிட்டுக் கடை உதுமாலெவ்வை காக்கா நம்மைப் பிரிந்து இறைவனிடம் மீண்டுவிட்டார். அஸர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் அமர்ந்தவர்... அவ்வளவுதான்.

தாமதத்துக்குக் காரணம் அவருடைய கிடாய். இவ்வருட ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் பலிக்கென அவர் மனதில் நிய்யத்து வைத்து வளர்த்தது. அது இப்போது என் முற்றத்தில், நொண்டிக்கொண்டு.

நொண்டும் ஆடு குர்பானுக்கு ஆகாது என்பதை நீங்கள் அறிவீர்கள். பெருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே உள்ளன.

அன்னாரை அறியாதோருக்காகச் சில வார்த்தைகள்.

தவிடு விற்பது அவர் தொழில். விற்க மறுப்பது அவர் பழக்கம். பெருநாள் நெருங்கினால் ஆட்டைக் கொழுக்க வைப்பதற்காக ஊரே அவர் கடைக்குப் போகும். இரண்டு கிலோவுக்கு மேல் கேட்டால் தராசிலிருந்து கையை எடுத்துவிடுவார்.

"ஆடு வளக்கிறயா, பலூன் ஊதுறயா?"

என்னிடமும் ஒருமுறை இப்படிக் கேட்டார். நான் சினந்து வேறு கடைக்குப் போனேன். அத்தோடு நின்றேனா... கல்யாண வீட்டில் மிஞ்சிய நெய்ச்சோறு, ஊறவைத்த அரிசி என்று, என் கையால் வளர்த்த முதல் குர்பான் ஆட்டுக்கு விருந்தே வைத்தேன்.

பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருக்கையில் அது முன்னங்கால்களை ஊன்ற மறுத்தது.

ஐந்தாம் வகுப்புடன் பாடசாலையை விட்டவள் நான். ஆயினும் வாசிகசாலையிலுள்ள கால்நடை நூல்கள் யாவையும் வாசித்தவள். எலும்பு முறிவு எனத் தீர்மானித்து, இரு முன்னங்கால்களுக்கும் மூங்கிற் பத்தை வைத்துப் பழைய சாரனைக் கிழித்துக் கட்டினேன். கட்டு அழகாகத்தான் இருந்தது.

செய்தி கேள்வியுற்ற காக்கா, கோபித்துப் போனவள் என்றும் பாராமல் வந்தார். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு என் கட்டுகளை நெடுநேரம் பார்த்தார்.

"என்ன புள்ள, ஆடு தென்னையில ஏறி விழுந்ததா?"

"இல்ல காக்கா. ஏன்?"

"ரெண்டு காலும் ஒரே நாளில ஒடஞ்சிரிக்கே, அதான் கேட்டன்."

கட்டை அவிழ்த்து, குளம்பில் என் கையை வைக்கச் சொன்னார். அடுப்புக் கல்லாகச் சுட்டது.

"என்னத்தத் தின்னக் குடுத்தாய்?"

சொன்னேன்.

"யா றப்பே! மனிசன் சோறு திண்டா வயிறு வரும். ஆடு சோறு திண்டா கால் போகும். வயித்துக்க அரிசி புளிச்சி, சூடு குளம்புக்கு இறங்கிரிக்கி."

எந்த நூலிலும் இதனை நான் வாசிக்கவில்லை... அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருக்கவும் கூடும்.

அன்றே மிருக வைத்தியரை அழைத்து வந்து ஊசி போடுவித்தார். சோறும் தவிடும் நிறுத்தம். வைக்கோல், தண்ணீர், காலையும் மாலையும் ஈர மணலில் நிறுத்தல். பெருநாளுக்கு முதல் நாள் ஆடு நேராக நடந்தது. அதன் பின்னாலேயே, அது முன்பு நொண்டிய விதத்தைக் காக்கா நொண்டிக் காட்டியபடி வர, தெருவே சிரித்தது.

இனி இன்றைய விடயம்.

மையத்து வீட்டுக்கு அயலவர்கள் மூன்று நாட்களாகச் சோறு அனுப்பினார்கள். மிஞ்சியது வீணாகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், அவ்வளவும் கிடாயின் சட்டிக்குப் போயிருக்கிறது. காக்காவின் சொந்தக் கிடாய்க்கு!

அவரது மனைவி, கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருப்பதால் வெளியே வருவதற்கில்லை. திரைக்கு உள்ளிருந்தே கிடாயை என்னிடம் ஒப்படைத்தார், அழுகையும் சிரிப்புமாக.

"அவர் மட்டும் கண்டிரிந்தா மையத்துப் பெட்டி சந்தூக்கில இரிந்து எழும்பி எல்லாரையும் ஏசிரிப்பார் புள்ள. இத எப்பிடியும் நடக்க வெச்சிரு. அவர்ர நிய்யத்து."

"ஓம் மதினி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊசி போட்டாயிற்று. நேற்று நான்கு கால்களையும் ஊன்றியது. இன்று பத்து அடி நடந்தது. ஆனால் குளம்புகள் நீண்டு மடிந்திருக்கின்றன, இம்மாதம் காக்கா சீவியிருக்க வேண்டியவை. சீவினால்தான் நொண்டல் முற்றாக நீங்கும் என்கிறார் வைத்தியர்.

சீவும் முறையை நான் வாசித்திருக்கிறேன். எனினும் இம்முறை கத்தியைத் தொடமாட்டேன்.

அன்னாருக்கு இறைவன் விசாலமான இடத்தை அருள்வானாக. ஏசுவதற்கு ஆளில்லாமல் காக்கா அங்கே சற்றுச் சிரமப்படுவார்.

கல்முனை முதல் நிந்தவூர் வரை ஆட்டுக் குளம்பு சீவத் தெரிந்தவர் எவரேனும் இருப்பின், இன்று பொழுது சாயும் மஃரிபுக்கு முன்னர் கீழே பதில் இடவும். லைக் போதாது.