அழித்து எழுதிய விடைகள்

எங்கள் வட்டத் தலைநகரின் முதல் மேனிலைப் பள்ளிக்கு மேற்கு வாயில் ஒன்று உண்டு. அதற்கு எதிரே உள்ள சந்தில், படிக்கும் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடவென்று ஊரை விட்டு வந்த தாய்மார்களே பெரும்பாலும் குடியிருக்கின்றனர். அச்சந்தில் பெண்கள் எவருக்கும் சொந்தப் பெயர் வழங்குவதில்லை. அடையாள அட்டையில் ஃபாங் ருன்மெய் என்று பொறிக்கப்பட்டிருந்தவளை இரண்டரை ஆண்டுகளாக எல்லோரும் ‘லான்சின் அம்மா’ என்றே அழைத்தனர். வீட்டுக்காரர் மின்கட்டணச் சீட்டிலும் அவ்வாறே எழுதினார். அவளும் அதில் குறை காணவில்லை.

அதற்கு முன் பதினோராண்டுகள் அவள் நிங்போ நகரத்துக் காற்சட்டை ஆலையொன்றில் இருந்தாள். முதல் ஐந்தாண்டு பைகளைத் தைத்தாள். பின் ஆறாண்டு, பிறர் தைத்தவற்றைச் சோதித்தாள். தைத்து முடிந்த காற்சட்டை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பப்பட்டு விளக்கின்கீழ் அவள் கைக்கு வரும். ஒருத்தி தவறாகத் தைத்துப் பிரித்து மீண்டும் தைத்திருந்தால், பழைய ஊசித்துளைகள் புதிய தையலின் ஓரத்தே வரிசையாக நிற்கும். கண்ணுக்குப் புலப்படாதவை அவள் கட்டைவிரலுக்குப் புலப்படும். மகள் லான்சின் மலையடிக் கிராமத்துப் பள்ளியிலிருந்து இங்கே இடம்பெற்றபோது ருன்மெய் அவ்வேலையை விட்டாள். கணவன் வென்ஜோவில் தரைக்கல் பதிக்கும் வேலையில் இருந்தான். புத்தாண்டுக்கு மட்டும் வருவான்.

மூன்றாம் தளத்தில் பலகை தடுத்த ஓரறையில் தாயும் மகளும் வாழ்ந்தனர். அடுப்படி, அடுத்த அறை நியே அக்காவுக்கும் பொது. விடியுமுன் தினைக்கஞ்சி, இரண்டு முட்டை. நண்பகல் பன்னிரண்டு ஐந்துக்கு லான்சின் படியேறி வருவாள். கால்மணியில் உண்டு, அரைமணி உறங்கி, மீண்டும் ஓடுவாள். இடைப்பட்ட நெடிய காலை முழுவதும் ருன்மெய்யுடையது. அக்காலையைத் தப்பு நோட்டு எடுத்துக்கொண்டது.

இறுதியாண்டில் ஆங்கில ஆசிரியர் ஹாவ் நாள்தோறும் இலக்கணத்தாள் ஒன்றும் வாசிப்புத்தாள் இரண்டும் தருவார். இலக்கணத்தாளில் பத்துக் கோடிட்ட இடங்கள். அவற்றைப் பேனாவால் நிரப்ப வேண்டும். வாசிப்புத்தாளில் நான்கைந்து பத்திகளும், ஒவ்வொரு வினாவின் கீழும் ஏ, பி, சி, டி என நான்கு விடைகளும் இருக்கும். விடையெழுத்தைப் பென்சிலால் குறிக்க வேண்டும். சரியான விடைகளை ஆசிரியர் மறுநாள் வாசிப்பார். பிள்ளைகள் சிவப்பு மையால் திருத்திக்கொள்வர். தவறிய வினா ஒவ்வொன்றையும், அது எழுந்த பத்தியோடு, ‘தப்பு நோட்டு’ எனும் தனிக் குறிப்பேட்டில் படியெடுக்க வேண்டும். வெட்டி ஒட்டுவதை அவர் ஏற்பதில்லை. படியெடுக்க நேரம் எங்கே? ஆகவே சந்தில் உள்ள தாய்மார் பலரும் அதைச் செய்தனர். ஆசிரியர்கள் அறிந்தும் அறியாததுபோல் இருந்தனர்.

ருன்மெய் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள். எழுத்துகளின் வடிவம் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. வடிவத்தைப் பார்த்து வடிவத்தை வரைந்தாள். முதல் வாரத்தில் ஒரு தாளின் அடியில் இருந்த இரண்டு வரிகளையும் விடாமல் வரைந்து வைத்தாள். நண்பகல் லான்சின் அதைப் பார்த்துச் சோற்றுப் பருக்கை தெறிக்கச் சிரித்தாள்.

“அம்மா, இது பாடம் இல்லம்மா. ‘தாளைத் திருப்பவும்’னு போட்டிருக்கான். அதுக்குக் கீழ அச்சகத்து போன் நம்பர்!”

“நம்பர்னு தெரியுது. ஒருவேளை அதுவும் பரீட்சைக்கு வருமோன்னு நெனச்சேன்.”

அடுப்படியில் நின்ற நியே அக்கா, “வந்தாலும் வரும், போன் போட்டு விடை கேக்கத்தான?” என்றாள்.

இவ்வாறு சிரித்துக்கொண்டிருந்த காலம் பிப்ரவரியோடு முடிந்தது. லான்சின் இருந்தது முதற்பிரிவு. அதில் ஐம்பத்திரண்டு பேர். ஒவ்வொரு பெருஞ்சோதனைக்குப் பின்னும் மொத்த மதிப்பெண் பார்த்து, பின்தங்கியோரைப் பொதுப்பிரிவுக்கு இறக்கி அங்கிருந்து முந்தியோரை ஏற்றுவர். லான்சின் நாற்பத்தொன்பதாம் இடத்திலிருந்து ஐம்பத்தொன்றுக்கு வந்துவிட்டாள். அம்முறை இறக்கியது கடைசி ஒருவரை மட்டுமே என்பதால் தப்பினாள். கணிதமும் வேதியியலும் அவளைத் தாங்கின. நூற்றைம்பதுக்கு நூற்று மூன்று வாங்கிய ஆங்கிலம் இழுத்தது. ஏப்ரல் சோதனையே கடைசி மாற்றம். அதன்பின் ஜூன் மாதப் பெருந்தேர்வுவரை எவரும் இடம் மாறுவதில்லை.

“கீழ போட்டாங்கன்னா நான் இங்க இருக்கமாட்டேன்,” என்று லான்சின் ஒருநாள் கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னாள். “அப்பாகிட்ட போயி எதாவது தொழிற்பள்ளில சேந்துக்கறேன். நீயும் இங்க கெடந்து கஷ்டப்பட வேணாம்.”

ருன்மெய் விலாவெலும்புத் துண்டொன்றை மகளின் கிண்ணத்தில் வைத்தாள்.

மார்ச்சு மாதத்து ஒரு காலை. சாளரத்தருகே அமர்ந்து அவள் ஒரு பத்தியை வரைந்துகொண்டிருந்தாள். தாளை நகர்த்தியபோது கட்டைவிரல் ஒரு விடையெழுத்தின்மேல் பட்டது. அங்கே பள்ளம் இரண்டாக இருந்தது. தாளை உயர்த்தி வெளிச்சத்தில் சாய்த்தாள். மகள் எழுதியிருந்த ‘பி’யின் அடியில், ரப்பரால் அழிக்கப்பட்ட ‘டி’ ஒன்று மெல்லத் தெரிந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் இருந்த சரியான விடையும் ‘டி’.

அடுத்த தவற்றைப் பார்த்தாள். அதன் அடியிலும் வேறோர் எழுத்து. அதுவும் சிவப்பு மைக்கு ஒத்ததே. அவள் பேனாவை மூடிவைத்து, கட்டிலின்கீழ்க் கட்டிவைத்திருந்த பழைய தாள்களை இழுத்தாள். வாசிப்புத்தாள்கள் இருபத்துமூன்று இருந்தன. தவறியவற்றை மட்டுமன்றி எல்லாவற்றையும் ஒன்றொன்றாகச் சாளரத்தில் பிடித்துப் பார்த்தாள். காற்சட்டை சோதித்த நாளிலும் அவள் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

நியே அக்கா பூண்டுத்தழைக் கட்டோடு எட்டிப் பார்த்தாள். “என்னடி, கண்ணாடிய தாள் போட்டுத் தொடைக்கிறியா?”

“அக்கா, இங்க வாங்க. இதுல அடியில என்ன இருக்கு?”

“எனக்கு மேல இருக்கறதே தெரியல, அடியில எங்க தெரியப்போகுது!” பின் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். “ஏதோ அழிச்சிருக்கா. எல்லாப் பிள்ளையும் அழிக்குது. என் பையன் அழிச்சு அழிச்சுத் தாளையே ஓட்டையாக்கிருவான்.”

“அழிச்சது சரி. எழுதினதுதான் தப்பு.”

நியே அக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

மூன்று காலைகள் அவ்வேலையில் கழிந்தன. எண்பத்தெட்டு இடங்களில் லான்சின் விடையை அழித்து மாற்றியிருந்தாள். அவற்றுள் அறுபத்தொன்றில் முதலில் எழுதியது சரி, மாற்றியது தவறு. பன்னிரண்டில் இரண்டுமே தவறு. எஞ்சிய பதினைந்தில் மட்டுமே மாற்றியது நன்மையாயிற்று. ஒரு சொல்லையும் வாசிக்க இயலாத அவளுக்கு இவ்வளவும் தெரிந்தது.

நண்பகல் அதை மகளிடம் சொன்னாள். லான்சினின் முகம் சிவந்தது.

“நீ என் தாளையெல்லாம் வெளிச்சத்துல வச்சுப் பாத்தியா?”

“பாத்தேன். நீ மொதல்ல எழுதறதை அப்படியே விட்டாலே...”

“அம்மா, உனக்கு அதுல ஒரு வரி படிக்கத் தெரியுமா? எதை வச்சு நான் மாத்துறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஹாவ் சார்தான் சொல்லியிருக்காரு, கடைசிப் பத்து நிமிஷம் எல்லாத்தையும் திருப்பிப் பாக்கணும்னு. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க!”

“எல்லாரும் அறுவத்தொண்ணு மாத்துறாங்களா?”

லான்சின் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். உறங்கவில்லை என்பது முதுகில் தெரிந்தது.

மறுநாள் காலை ருன்மெய் தாள்களைத் துணிப்பையில் இட்டுப் பள்ளிக்குச் சென்றாள். ஆசிரியர் ஹாவ் ஐம்பதை எட்டியவர். தேநீர்க் குடுவையை எப்போதும் கையிலேயே வைத்திருப்பவர். படிக்கட்டில் நின்றவாறே ஏழெட்டுத் தாள்களைச் சாய்த்துப் பார்த்தார்.

“லான்சின் அம்மா, இதை நான் கவனிக்கல. கவனிச்சிருக்கணும்.” சற்று நேரம் குடுவை மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். “ஆனா மாத்தாதேன்னு என்னால சொல்ல முடியாது. அம்பத்திரண்டு பேருக்கும் திருப்பிப் பாருங்கன்னுதான் சொல்லியிருக்கேன். இவளுக்கு மட்டும் மாத்தாதேன்னா, தப்பா எழுதினதையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பா. அந்தப் பதினஞ்சும் போயிரும்.”

“அப்ப என்ன செய்யறது சார்?”

“எது எதுன்னு அவளுக்கே தெரியணும். அது நான் சொல்லி வராது. நீங்க சொல்லியும் வராது.”

மணி அடித்தது, அவர் மேலே போய்விட்டார்.

சொல்லி வராதென்றால் காட்டிவிடலாம் என்று ருன்மெய் தீர்மானித்தாள். அன்றைய பத்திகளை அவள் படியெடுக்கவில்லை. தப்பு நோட்டில் புதிய பக்கம் திருப்பி மூன்று கோடுகள் கிழித்தாள். முதல் கட்டத்தில் அழிக்கப்பட்ட எழுத்து, இரண்டாவதில் அதன்மேல் எழுதியது, மூன்றாவதில் சிவப்பு மையில் சரியானது. ஓரத்தில் தாளின் நாளும் வினாவின் எண்ணும். எண்பத்தெட்டு வரிகள் நான்கு பக்கம் வந்தன. விளக்கமாக ஒரு சொல்லும் எழுதவில்லை. நோட்டைச் சாப்பாட்டுக் கிண்ணத்தருகே வைத்துவிட்டு முட்டைக்கூழை வேகவைக்கச் சென்றாள்.

லான்சின் வந்து அமர்ந்து, நோட்டைத் திறந்தாள். உணவுக் கோல்கள் கையிலேயே நின்றன. முதல் பக்கத்தின் வரிகளில் ஒன்றாம் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் மீண்டும் மீண்டும் ஒன்றாயிருந்தன. நடுவில் இருந்தது மட்டும் அயலான். அவள் மூன்றாம் பக்கம்வரை போய், பின் மீண்டும் முதற்பக்கத்துக்கு வந்தாள்.

“கூழ் ஆறுது,” என்றாள் ருன்மெய்.

“அம்மா... இந்தப் பதினஞ்சு எங்க இருக்கு?”

“சின்னப் புள்ளி வச்சிருக்கேன் பாரு.”

அன்று நண்பகல் லான்சின் உறங்கவில்லை. தாள் கட்டை அவிழ்த்துப் புள்ளி வைத்த வினாக்களைத் தேடித் தேடிப் படித்தாள். பின் புள்ளியில்லாதவற்றுள் இருபதைப் படித்தாள். ருன்மெய் பாத்திரம் துலக்கும் ஓசையையும் அடக்கிக்கொண்டாள். பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் லான்சின் பேசினாள், குரல் தாழ்ந்திருந்தது.

“இந்தப் பதினஞ்சுலயும் மாத்துறதுக்கு முன்னாடி பத்தியில ஒரு வரியைப் பாத்திருக்கேன். விரல் வச்சுக் காட்டலாம், இதோ இந்த வரிதான்னு. மத்ததுக்கு வரியே இல்ல.”

“வரி இல்லாம ஏன் மாத்துன?”

லான்சின் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தாள். “டக்குன்னு வந்துருச்சுன்னா பயமா இருக்கும்மா. டவுன் பிள்ளைங்கல்லாம் ரெண்டு நிமிஷம் யோசிக்கிறாங்க. எனக்கு மட்டும் சுளுவா வந்தா, ஏதோ தூண்டில்ல மாட்டிக்கிட்டேன்னு தோணும்.”

“கிராமத்துப் பிள்ளைக்குச் சுளுவா வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

“இல்ல.”

“பின்ன? நிங்போவுல ஒருத்தி இருந்தா, நல்லாத் தைப்பா. நல்லா வந்துருச்சேன்னு சந்தேகப்பட்டுப் பிரிப்பா. அவ பிரிச்சதை எல்லாம் நான்தான் திருப்பி அனுப்புவேன். போ, மணி ஆச்சு.”

அடுத்த மூன்று வாரமும் தாள்கள் முன்போலவே வந்தன. லான்சின் விடையை மாற்றும் போதெல்லாம் பத்தியில் எந்த வரியைக் கண்டு மாற்றினாளோ அதன் கீழே பென்சிலால் கோடிட்டாள். கோடிட வரி கிடைக்காவிடில் ரப்பரைத் தொடவில்லை. முதலிரு நாள் அது அவளுக்குப் பெருந்துன்பமாக இருந்தது என்பது, தாளின் ஓரத்தில் நகத்தால் கீறிய தடங்களில் தெரிந்தது. ருன்மெய் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று கட்டக் கணக்கை மட்டும் தொடர்ந்து எழுதினாள். மாற்றிய விடைகள் ஒருநாள் ஏழு, பின் ஐந்து, பின் ஆறு, பின் இரண்டு.

நியே அக்கா மட்டும் வாய் ஓயவில்லை. “லான்சின் அம்மா, உன் ஆலை எங்க இருக்குன்னு சொல்லு, என் பையனையும் சோதனைக்கு அனுப்புறேன். முழுசா உள்பக்கம் வெளியாத் திருப்பிப் பாத்துட்டுக் குடு.”

“அவன்தான் அழிச்சு அழிச்சு ஓட்டையாக்கிருவானே அக்கா. ஓட்டையில நான் எதைப் பாக்க?”

ஏப்ரல் சோதனை இரண்டு நாள் நடந்தது. முடிவு ஐந்தாம் நாள் நண்பகலில் வகுப்பு வாயிலில் ஒட்டப்பட்டது. அன்று ருன்மெய் மேற்கு வாயிலுக்குப் போகவில்லை. போனால் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். படியேறி வரும் அவ்வளவு நேரமாவது இருக்கட்டும் என்று அடுப்படியிலேயே நின்றாள். இறைச்சியும் உலர்மூங்கில் குருத்தும் வெந்துகொண்டிருந்தன. நியே அக்கா அரிசியைக் கழுவினாள். கழுவியதையே மீண்டும் கழுவினாள்.

காலடி ஓசை வழக்கம்போலவே வந்தது, விரைவுமில்லை, தளர்வுமில்லை. லான்சின் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

“நாப்பத்தெட்டு,” என்றாள்.

“நாப்பத்தெட்டுன்னா?”

“அம்பத்திரண்டுல நாப்பத்தெட்டு. இறக்கல. ஜூன் வரைக்கும் இங்கதான்.” பின் நின்று, “இங்கிலீஷ் நூத்திப் பதினேழு,” என்றாள்.

நியே அக்கா அரிசிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு, லான்சினின் தலையில் ஈரக்கையால் ஒன்று வைத்தாள். “இத மொதல்ல சொல்லக் கூடாதா, கழுதை? அரிசி கரைஞ்சே போச்சு!”

ருன்மெய் அடுப்பைத் தணித்தாள், மூடியைத் திறந்து பார்த்து மீண்டும் மூடினாள். அதன்பின்தான் கேட்டாள்: “எத்தனை மாத்துன?”

“நாலு.”

“நாலும்?”

“மூணை வரி பாத்து மாத்துனேன். மூணும் சரி.” லான்சின் வினாத்தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். “ஒண்ணு பயத்துல மாத்திட்டேன். இதோ.”

ருன்மெய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, மகள் காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

“ஒண்ணுதான?”

“ஒண்ணுதான்.”

“சாப்பிடு. அதை நான் எழுதிக்கறேன்.”

மகள் பள்ளிக்குத் திரும்பியபின் அவள் தப்பு நோட்டைத் திறந்தாள். புதிய பக்கத்தில் மூன்று கோடு கிழித்து, நாளும் எண்ணும் இட்டு, பயத்தில் மாற்றிய அந்த ஒன்றை மட்டும் எழுதினாள். அப்பக்கத்தில் எழுத வேறொன்றும் இருக்கவில்லை.