பாசி படியாத கல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, கோடை முடியும் தறுவாயில், வாய்க்கால்களில் தண்ணீர் நூலாக இளைத்துப்போயிருந்த நோன்பு மாதம் அது. காருத் மலையடிவாரத்தில் புதிதாக வாங்கிய வீட்டின் பின்கதவை முதன்முறையாகத் திறந்த இமாஸ், தன் கொல்லைக்குளத்தில் முன்பின் அறியாத ஒருவர் இடுப்பளவு நீரில் நிற்பதைக் கண்டாள். அவர் முதுகைக் காட்டி நின்று, ஒரு மூங்கில் கழியைப் பச்சைப் பாசிக்குள் செருகி, சிக்குப் பிடித்த கூந்தலைச் சுருட்டுவதுபோல் மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தார். யாரும் அவரை வேலைக்கு அழைத்திருக்கவில்லை.

திரும்பிப் பாராமலே அவர் பேசினார்.

"வாங்க நெங். மேல் படியில எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காருங்க. கீழ்ப்படி மட்டும் வேண்டாம்."

இளம்பெண்களை அவர் 'நெங்' என்றுதான் அழைப்பார். ஊரார் அவரைச் சித்தப்பா முறை வைத்து 'மாங் ஒஹிம்' என்று அழைத்தார்கள். அந்தத் தெருவில் ஏழு வீடுகளின் கொல்லைக்குளங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அவருக்கு மணமாகவில்லை. காரணம் கேட்டவர்களிடம், ஏழு குளத்துக்குப் புருஷனானவனுக்கு எட்டாவதைக் கவனிக்க நேரம் ஏது என்பார். ஆறு வீடுகளில் கூலியாக நெல்லும் மீனும் பெற்றுக்கொண்டார். இமாஸின் வீட்டில் மட்டும் எதையும் வாங்க மறுத்தார். அவள் பிடிவாதம் பிடித்த பிறகு, ஒரு வேளைச் சோற்றுக்கு இசைந்தார். அதையும் கொல்லையில், குளத்தைப் பார்த்தபடியே உண்டார்.

இமாஸ் பள்ளியில் கணக்கு கற்பித்தவள். எதையும் காரணம் கேட்டே ஏற்பவள். மாங் ஒஹிமின் வேலையில் அவளுக்கு மதிப்பு ஏற்பட்டதற்கும் அதுவே காரணம். அவர் எந்தக் குளத்திலும் பாசியை முழுவதுமாக அகற்றியதில்லை. மூன்றில் ஒரு பங்கை விட்டுவைப்பார். வெயில் நேரே விழும் இடத்தில் தாமரையைப் பரவவிட்டு நிழல் உண்டாக்குவார். கரையோரச் சேம்பும் வள்ளைக்கீரையும் நீரிலுள்ள அழுக்கைத் தின்னும் என்பதால், அவற்றை வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் கிள்ளச் சொல்வார். கற்களைத் தேங்காய் மட்டையால் தேய்க்கும்போதும் ஒரு பக்கத்தை விட்டுவிடுவார். பாசியை மேயும் சிறுமீன்களுக்கு அது சாப்பாடு.

"பாசி பகையாளி இல்ல நெங், பசிச்சு வந்த விருந்தாளி. கொஞ்சம் மிச்சம் வெச்சா அடங்கி இருக்கும். துடைச்சு எடுத்தா ஊரையே கூட்டிக்கிட்டு வரும்" என்று ஒருநாள் அவர் சொன்னதை இமாஸ் வகுப்பில்கூடச் சொன்னாள்.

இமாஸின் குளத்தில் அவர் தேய்க்காத கல் ஒன்று இருந்தது. மூங்கில் குழாயிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில், விழும் வேகத்தைத் தாங்குவதற்காகப் போட்டிருந்த கருங்கல் அது. படுத்திருக்கும் ஆட்டின் அளவு இருக்கும். மற்றக் கற்களெல்லாம் பச்சைப் பட்டு உடுத்தியிருக்க, அந்தக் கல்லில் வீட்டைப் பார்த்த பக்கம் மட்டும் கழுவிய முகம்போல வெறுமையாக இருந்தது. யாரும் அதைத் தேய்த்ததில்லை. ஆனாலும் பாசி அங்கே படரவில்லை.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு குளத்தை வடித்து மீன் பிடிப்பது அவ்வூர் வழக்கம். தெருவே சேற்றில் இறங்கும்; சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். அவ்வாண்டு நீர் வடிந்து முடிந்தபோது, கருங்கல் குழாயடியில் இல்லை. சமையலறைப் படியை நோக்கி ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அது வந்த வழி சேற்றில் பள்ளமாகத் தெரிந்தது. மாங் ஒஹிம் இரண்டு மூங்கில்களைக் கொடுத்து நெம்பச் செய்து, அதைப் பழைய இடத்துக்கே புரட்டினார். உதவிக்கு வந்தவர்களும் வியக்கவில்லை. ஆண்டுதோறும் செய்யும் வேலை என்பது அவர்கள் கைகளிலேயே தெரிந்தது.

பக்கத்து வீட்டு வீவி அக்கா, கூடையில் கெண்டையை அள்ளியபடியே இமாஸைச் சீண்டினாள்.

"உன் வீட்டுக் கல்லுக்குச் சோத்து வாசம் பிடிச்சுப்போச்சு இமாஸ். நல்லா சமைக்காதேன்னா கேக்கிறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாங் ஒஹிம் சிரிக்கவில்லை.

இமாஸ் காரணம் தேடினாள். கெண்டைகள் கல்லின் அடியில் சேற்றைத் தோண்டுவதால் அது சரிகிறது என்று முதலில் எண்ணினாள். ஆனால் குளத்தின் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருந்தது. சமையலறைப் பக்கமோ மேடு. மறு ஆண்டு, கல்லைச் சுற்றி நான்கு முளைகளை அடித்துவைத்தாள். பெருநாளுக்கு முன் நீர் வடிந்தபோது முளைகள் நான்கும் நின்ற இடத்திலேயே நேராக நின்றன. கல் அவற்றுக்கு வெளியே, வீட்டின் பக்கம், ஒரு முழம் தள்ளிக் கிடந்தது.

மூன்றாம் ஆண்டு அவள் அவரை விடவில்லை. சோற்றுத் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, பதில் சொல்லாமல் எழக் கூடாது என்று எதிரே அமர்ந்தாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதன் சுருக்கம் இது.

ஐம்பத்தொன்றாம் ஆண்டில் இந்த வீடு ஹாஜி தோஹிர் என்பவருடையதாக இருந்தது. குழாயடிக்கு நல்ல கல் ஒன்று வேண்டுமென்று அவர் கேட்க, இருபத்தைந்து வயது ஒஹிம் ஆற்றின் ஆழ்மடுவில் மூழ்கி இந்தக் கல்லைக் கயிறு கட்டிக் கரையேற்றினார். மடுவிலிருந்து எதை எடுத்தாலும், எடுப்பவன் கரையில் நின்று மடுவிடம் அனுமதி கேட்டு, தன் பெயரைச் சொல்ல வேண்டும். ஒஹிமும் அனுமதி கேட்டார். ஆனால், கல் ஹாஜிக்குத்தானே என்று எண்ணி, ஹாஜியின் பெயரைச் சொல்லிவிட்டார். ஓராண்டுக்குள், மழையே இல்லாத ஒரு காலையில், ஹாஜி இந்தப் படியில் உட்கார்ந்தபடி இறந்து கிடந்தார். அவர் கால்கள் முழங்கால்வரை நனைந்திருந்தன. குளத்து நீர் அப்போது படிக்கு மிகவும் கீழே இருந்தது. கல் மட்டும் கீழ்ப்படிக்கு அருகில் இருந்தது.

அஞ்சிப்போன ஒஹிம், கல்லை மடுவில் திரும்பப் போட ஆள் கூட்டித் தூக்கிப்போனார். இடையில் வந்த வெள்ளத்தில் ஆறு வழி மாறியிருந்தது. மடு இருந்த இடத்தில் மணல் மேடிட்டு, யாரோ கடலை பயிரிட்டிருந்தார்கள். திருப்பி வாங்கிக்கொள்ள அங்கே எவரும் இல்லை. கல்லைக் குளத்துக்கே கொண்டுவந்தார். அன்றுமுதல், அது படியை எட்டிவிடாமல் ஆண்டுதோறும் பின்னுக்குத் தள்ளி வருகிறார்.

"வீட்டுக்காரரைத் தேடி வருது நெங். யார் இந்த வீட்டுல இருந்தாலும் அவங்கதான் ஹாஜின்னு நினைச்சுக்குது."

இமாஸ் நம்பவில்லை. எனினும் ஒன்றைக் கேட்டாள்.

"எடுத்தது நான்தான்னு உங்க பேரை அதுகிட்ட சொல்லிப் பார்த்தீங்களா மாங்?"

 அவர் தட்டில் மிச்சமிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு நீரில் இறங்கினார். அவர் அஞ்சியது எதற்கு என்பது அவளுக்கு அப்போதே விளங்கியது. அந்தப் பேச்சை அவள் மீண்டும் எடுக்கவில்லை.

ஆண்டுகள் ஓடின. இமாஸின் கணவர் யாயாத் அஞ்சலகத்திலிருந்து ஓய்வு பெற்று, காலைக் காப்பியை மேல் படியில் அமர்ந்து குடிக்கும் பழக்கத்துக்கு வந்தார். மாங் ஒஹிம் கிழவரானார். கழியைச் சுழற்றும் கை நடுங்கியது. ஆனாலும் பெருநாளுக்கு முன் கல்லைத் தள்ளுவதற்கு மட்டும் வேறெவரையும் நம்பாமல் தாமே முன் நின்றார்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் அவர் நெஞ்சுச் சளியோடு படுத்துவிட்டார். அவ்வாண்டு நோன்புப் பெருநாளுக்கு யாயாத் மீனைச் சந்தையில் வாங்கினார். குளத்தை வடிக்கவில்லை. பார்ப்பாரற்ற பாசி, இரண்டே மாதத்தில் கரைக்குக் கரை பாய் விரித்ததுபோல் மூடிக்கொண்டது. தாமரை இலைகள்கூட அதன் அடியில் அழுகின. ஓர் இடம் மட்டும் மூடவில்லை. குழாயடியிலிருந்து சமையலறைப் படிவரை, ஆட்டின் அகலத்தில், கறுத்த தெளிந்த நீர் ஒரு தடமாகக் கிடந்தது. மீன் போகும் வழி என்றார் யாயாத். இமாஸும் அப்படித்தான் என்று தலையசைத்தாள். ஆனால் அந்தத் தடத்தில் ஒரு மீனையும் அவள் காணவில்லை. படிக்கு அடுத்து, நீருக்குச் சற்று மேலே, வெறுமையான அந்தக் கருமுகம் தெரிந்தது.

மறுநாள் காலை அவள் காப்பிக் கோப்பையை எடுக்கப் போனாள். யாயாத் வழக்கம்போல் மேல் படியில் இருந்தார். அவருடைய கைலி முழங்கால்வரை ஈரமாக இருந்தது. கணுக்கால்களில் பாசி நூல்நூலாகச் சுற்றியிருந்தது. நீர் அவருக்கு இரண்டு படி கீழே அசையாமல் கிடந்தது.

ஏன் தண்ணீரில் இறங்கினீர்கள் என்று அவள் கேட்டாள்.

"நான் எங்க இறங்கினேன்? உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவே இல்லையே" என்றவர் குனிந்து பார்த்தார்.  கால்கள் குளிர்வதாக மட்டும் முணுமுணுத்தார்.

இமாஸ் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போய்ப் படுக்கவைத்து, வீவி அக்காவைக் காவலிருக்கச் சொல்லிவிட்டு, தெருக்கோடிக்கு ஓடினாள். ஐம்பதை நெருங்கிய ஆசிரியை தெருவில் ஓடுவதை ஊர் அன்றுதான் பார்த்தது.

மாங் ஒஹிம் ஒற்றை அறையில் பாயில் கிடந்தார். அவர் நெஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் குழாய் நீர்போல் சலசலத்தது. அவள் கண்டதைச் சொல்லச் சொல்ல, அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பதினேழு ஆண்டுகளில் முதன்முறையாக அவள் குரல் அவரிடம் உயர்ந்தது.

"என் கையால சோறு சாப்பிட்டீங்க மாங். நீங்க சொல்ல வேண்டிய பேரைச் சொல்லாம, என் புருஷனை அனுப்பிவைக்கப் பார்க்கறீங்களா?"

 வெளியே யாரோ கோழிகளை விரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் இரு கைகளையும் ஊன்றி எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை. அவள் முதுகைத் தாங்கினாள். அவர் உடம்பில் எடையே இல்லை.

சாவுக்கு அஞ்சவில்லை, தனியாக அந்தக் கல்லின் முகத்தைப் பார்க்கத்தான் அஞ்சினேன் என்று அவர் சொன்னார். ஹாஜியைப் பாடையில் தூக்கியவர்களில் தாமும் ஒருவர். அன்று தோளில் சொட்டிய நீர் இன்னும் காயவில்லை என்றும் சொன்னார். பிறகு அறையின் வாசலைப் பார்த்தார். அங்கே வெயில் விழும் இடத்தை அளப்பவர்போலப் பார்த்தார்.

"நாலு ஆளைக் கூப்பிடுங்க நெங். அந்தக் கல்லைத் தூக்கிட்டு வந்து என் வாசல்ல இறக்கச் சொல்லுங்க. வழியெல்லாம் என் பேரைச் சொல்லிக்கிட்டே வரணும். பாவம், நாப்பது வருஷமா அது வீடு தப்பித் தேடிக்கிட்டு இருக்கு."