இரண்டாவது ரேகை

விரலை இரண்டு முறை வைக்க வேண்டும் என்று அந்தத் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் சிம்மக்காதான். பேருந்து நிற்கும் முனையில், செல்பேசிக் கம்பெனி கொடுத்த பெரிய குடையின் கீழ் ஒரு மடக்கு மேசை, ஒரு முக்காலி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரேகை மெஷின். அவ்வளவுதான் அவள் கடை. சிம் விற்பதால் சிம்மக்கா. குரலும் சிம்மம் மாதிரிதான் என்பார் அடுத்த வீட்டுக் கொத்தனார்.

அதற்கு முன் நகல் எடுக்கும் கடை வாசலில் காசு போட்டுப் பேசும் பெட்டி ஒன்றை வைத்திருந்தாள். ஆளாளுக்குக் கையில் செல்பேசி வந்ததும் அந்தப் பெட்டியை ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. கணவன் அதற்கும் முன்பே வேறு ஊரில் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போயிருந்தான். அப்போது அவளைத் தூக்கி நிறுத்தியவள், சாலைக்கு எதிர்ப்பக்கம் தையற்கடை வைத்திருந்த அவள் அக்கா, மூத்தவள். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் பாதியைத் தங்கைக்கு ஒதுக்கினாள். "மெஷின் பக்கத்துல படுத்துக்கோ. சத்தம் இருக்கும், வேற குறை எதுவும் இல்ல" என்றாள். குடை வந்த பிறகு சிம்மக்கா சந்துக்குள் தனி அறை பார்த்துக்கொண்டு போனாலும் சோறு மட்டும் அக்கா வீட்டில்தான்.

குடையைக் கொண்டுவந்தவன் கம்பெனியின் சூப்பர்வைசர். வெயிலிலும் கழுத்து டையைக் கழற்றாதவன். ஒரு பெண் தன்னைவிட ஒரு வயது மூத்தவளாகத் தெரிந்தாலும் அக்கா என்றுவிடுவான். ஊரில் புதிதாக டவர் எழுந்திருந்தது. வீட்டுக்கு வீடு இணையம், ஆளுக்கொரு எண் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். முதல் நாள் மெஷினை அவள் கையில் வைத்து, "ஆளுங்களை ரெண்டு தடவை விரல் வைக்கச் சொல்லுங்கக்கா. முதல் தடவை ஆளைப் பாக்குறதுக்கு, ரெண்டாவது தடவை லைன் சேர்க்குறதுக்கு" என்றான்.

அவள் அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டாள். ஈரத்துணியால் கட்டைவிரலைத் துடைத்துவிட்டு, "ஒண்ணு பாக்குறதுக்கு, ஒண்ணு சேர்க்குறதுக்கு" என்பாள். கொத்தனாருக்குச் சிமெண்டு தின்று ரேகையே தேய்ந்திருந்தது. நாலைந்து முறை வைத்தும் மெஷின் மறுத்தபோது, "என்னை எனக்கே அடையாளம் தெரியல, இது எங்க கண்டுபிடிக்கப் போகுது" என்றார். விடாமல் எண்ணெய் தடவி, தேய்த்து, அவரையும் சேர்த்துவிட்டாள்.

சிம்மக்கா தனக்கு எண் எடுத்த அன்று மட்டும் மெஷின் சூப்பர்வைசர் கையில் இருந்தது. அவள் பழக்கத்தில் இரண்டாம் முறை விரலை நீட்ட, அவன் மெஷினை இழுத்துக்கொண்டான். "உங்களுக்கு எதுக்குக்கா? நீங்க நம்ம ஆளு." அன்று சாப்பிடும்போது இதை அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "உனக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. யாரு பெரிய ஆளுன்னு பாத்துக்கோ." மூத்தவளும் சிரித்தாள். "ஆமாடி, ராணியம்மா. தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போ."

மூத்தவளின் எண்தான் தையற்கடையின் உயிர். பலகையில் கடைப் பெயரைவிடப் பெரிதாக எழுதியிருந்தாள். முன்பு வாசலோடு வந்த வேலை, எண் வந்த பிறகு எங்கெங்கிருந்தோ வந்தது. படம் அனுப்பி, அளவு அனுப்பி, துணியை ஆள் மூலம் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஒரு பள்ளிக்கூடமே சீருடை முழுவதையும் அவளிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. பள்ளி திறக்குமுன் கூப்பிட்டு எத்தனை என்று சொல்வார்கள். இன்னொரு தையல் மெஷின் வாங்கவும் இடம் பார்த்து வைத்திருந்தாள்.

பள்ளியிலிருந்து அழைப்பு வரவேண்டிய வாரத்தில்தான் எண் செத்தது.

முதலில் டவர் கோளாறு என்று நினைத்தார்கள். சிம்மக்கா சிம்மைக் கழற்றி, ஊதி, துடைத்து, வேறு செல்பேசியில் போட்டுப் பார்த்தாள். அடுத்த நாளும் அப்படியே. "வா, நான் வர்றேன். என்னைத் தெரியாத ஆளே அங்க இல்ல" என்று அக்காவைக் கம்பெனி அலுவலகத்துக்கு அழைத்துப்போனாள். உண்மைதான். ஒரு விழாவில் அவளை மேடையேற்றி, அதிகம் சேர்த்தவள் என்று கைதட்டியிருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். "உங்க பேர்ல இன்னொரு நம்பர் இருக்கே. அதை வெச்சு யாரோ ஆளுங்களை ஏமாத்தியிருக்காங்க. அதனால உங்க பேர்ல இருக்குற எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க."

"எனக்கு இருக்குறதே ஒரு நம்பர்தாம்மா" என்றாள் மூத்தவள்.

"ரெண்டும் ஒரே நாள்ல எடுத்தது. ஒரே ஏஜெண்ட். ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணு, ரேகை வெச்சிருக்கீங்க."

மூத்தவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சத்தம் போடுகிறவள் அல்ல அவள். வெளியே படியிறங்கிய பிறகுதான் கேட்டாள்.

"ரெண்டு தடவை வைக்கச் சொன்னது நீதானே?"

"மெஷின் அப்படித்தான் கேக்கும்னு சொன்னாங்கக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது."

"உன் விரலை எத்தனை தடவை கேட்டுது?"

பெருமையென்று சிம்மக்கா மடியில் முடிந்து வைத்திருந்தது அங்கே அவிழ்ந்து விழுந்தது. ஒருவரை நம்புவது என்பது பெரும்பாலும் அவரைக் கேள்வி கேட்காமல் விட்ட இடங்களின் தொகைதான். அவள் விட்ட இடம் ஒன்று. அதுவும் தனக்குச் சாதகமாக இருந்ததால் விட்டது.

சூப்பர்வைசர் இப்போது மாடியில் கண்ணாடி அறையில் இருந்தான். பதவி உயர்ந்திருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு வரைந்த படம்.

"வாங்கக்கா, உட்காருங்க."

"உட்கார வரல. ரெண்டாவது விரல் எதுக்குத் தம்பி?"

அவன் மறைக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது. "மேல இருந்து இத்தனை புது கனெக்‌ஷன் வேணும்னு கேக்குறாங்க. ஊர்ல அத்தனை ஆளே இல்லக்கா. இருக்குற ஆளை ரெண்டாக்கினாத்தான் உண்டு. எல்லா ஊர்லயும் இதே கதைதான்."

"அந்த சிம்மெல்லாம் எங்க?"

"மொத்தமா எடுத்துக்குற ஆளுங்க இருக்காங்க. அவங்க என்ன பண்றாங்கன்னு நமக்கு எதுக்கு?"

"எனக்கு மட்டும் ஏன் ஒண்ணோட விட்டே?"

"ஏஜெண்டோட ரேகையைத் தணிக்கை பண்ணுவாங்க. மாட்டிக்குவோம்." குரலைத் தாழ்த்தினான். "வெளிய சொல்லாதீங்கக்கா. எல்லாமே உங்க ஐடில ஏறினது. என் பேர் ஒரு இடத்துலயும் இல்ல."

"இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே" என்று சொல்லி, கையோடு கொண்டுவந்திருந்த ரேகை மெஷினை அவன் மேசையில் வைத்தாள். அவன் எடுத்து, திரையில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இழுப்பறையில் போட்டான்.

அவள் சொல்லாமல் இருக்கவில்லை. வீடு வீடாகப் போனாள். உங்கள் பேரில் இன்னொரு எண் இருக்கும், போய் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் சாத்துவதற்கு முன் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டார்கள். கொத்தனார் மட்டும் தேய்ந்த விரலை நீட்டிப் பார்த்து, "அப்போ என் பேர்ல இன்னொருத்தன் எங்கேயோ இருக்கானா? அவனாவது சௌக்கியமா இருக்கட்டும் விடு" என்றார். அதற்கு அவளால் சிரிக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்காரர்கள் செத்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்து, வேறு கடைக்குப் போய்விட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. மூத்தவள் அதைத் தங்கையிடம் சொல்லவில்லை. நூல் விற்கிறவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று மாலை சிம்மக்கா சாப்பிடப் போனாள். மூத்தவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். ஒரு தட்டில் சோறு போட்டுத் தான் சாப்பிட்டாள். இன்னொரு தட்டு அலமாரியிலேயே இருந்தது. சிம்மக்கா வாசலோடு திரும்பினாள்.

இப்போது அவள் அதே முனையில், கம்பெனிப் பெயர் வெளுத்துப்போன அதே குடையின் கீழ், செல்பேசி உறையும் சார்ஜரும் விற்கிறாள். பெயர் மட்டும் மாறவில்லை. சிம் இல்லாத சிம்மக்கா.

ஒரு காலையில் தையற்கடை வாசலில் பெயிண்டர் ஏணி போட்டார். பழைய எண்ணின் மேல் வெள்ளையடித்து, புது எண்ணை எழுதத் தொடங்கினார். எந்தக் கடையில் எடுத்தாளோ, எத்தனை முறை விரல் வைத்தாளோ. சிம்மக்கா தன் செல்பேசியை எடுத்தாள். பெயிண்டர் ஒவ்வோர் எண்ணாக எழுத எழுத, இவளும் ஒவ்வொன்றாக அழுத்தினாள். நடுவில் ஒரு லாரி வந்து மறைத்தது. அது போகும்வரை விரலை மடக்காமல் காத்திருந்தாள். கடைசி எண்ணை எழுதிவிட்டுப் பெயிண்டர் இறங்கினார். அவள் அழைத்தாள்.

எதிரே தையல் மெஷின் ஓட்டம் நின்றது. மூத்தவள் செல்பேசியை எடுத்துத் திரையைப் பார்த்தாள். தங்கையின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள். காதில் வைத்தாள்.

"யாருங்க?"

"நான்தான்க்கா."

சாலையில் ஒரு பேருந்து போனது. அதன் சத்தம் இவள் காதிலும் கருவியிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

"ஏதாவது தைக்கணுங்களா?"

"இல்லக்கா... சும்மாதான்..."

"அப்போ வைங்க. கடை நேரம்."

மூத்தவள் கருவியைத் துணிகளுக்கு நடுவே வைத்தாள். சாலைப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. மிதியில் காலை வைத்தாள்.